கூடுதல் மாத்திரை

நகரப் பேருந்துகளில் அவனுக்கு ‘எக்ஸ்ரே’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் ஒரு நிறுத்தத்தில் ஏறியதுமே நடத்துனர் தொண்டையைச் செருமுவார். அதைக் கேட்டு ஓட்டுநர், ‘எக்ஸ்ரே ஏறிட்டான்’ என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வண்டியை ஒழுங்காக ஓட்ட ஆரம்பிப்பார். பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலை. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவான் என்று பேர் எடுத்தவன். அந்தப் பேரை அவனும் நம்பிவிட்டான் என்பதுதான் வம்பு.

அவனுக்கென்று சில சித்தாந்தங்கள் இருந்தன. பையையும் சட்டைப்பையையும் துழாவித் தடுமாறுகிறவன் பெரும்பாலும் யோக்கியன். கேட்பதற்கு முன்பே சீட்டை நீட்டுகிறவனைத்தான் துருவிப் பார்க்க வேண்டும். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவன் தூங்கவில்லை. கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே தலை நிமிராத பெண்ணிடம் இரண்டு தடவை கேட்க வேண்டும். இப்படிச் சந்தேகப்பட்டதில் முக்கால்வாசி தப்பாகத்தான் போகும். ஆனால் தப்பாகப் போனது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? மாட்டியவன் முகம் மட்டும்தான் மனதில் நிற்கும். மனிதன் அப்படித்தான் கெட்டுப்போகிறான்.

நல்லவேளை, அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். மனைவியிடம் அவன் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. கணக்குக் கேட்க வேண்டிய ஆளும் இல்லை அவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். அந்தக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில் இன்னொரு பிரேக். எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிற மகராசிகளையெல்லாம் உயிரோடு வீடு சேர்த்தது அந்த இரண்டாவது பிரேக்தான். அதனால் அங்கே அவளை ‘பிரேக் அக்கா’ என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டது. ஏன் போனது என்று தேடிக்கொண்டு போனபோதுதான் அவளுடைய தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. உடம்பில் சுரக்க வேண்டியது சுரக்கவில்லை என்பதால் அதையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே யோசிப்பாள், தன்னைத்தானே சோம்பேறி என்று திட்டிக்கொள்வாள். மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், “என்னங்க, யாரோ உள்ள லைட்டைப் போட்டுவிட்ட மாதிரி இருக்குங்க” என்றாள். அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்தத் தடவை ஆரம்பத்திலேயே மகப்பேறு டாக்டரம்மா உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லிவிட்டார்.

“முதல் சில மாசம் குழந்தைக்குச் சொந்தமா இந்த ஹார்மோன் சுரக்காது. எல்லாம் உங்ககிட்டருந்துதான் எடுத்துக்கும். அதோட மூளை வளர்றதுக்கே இது வேணும். குறைஞ்சாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் ஆபத்து. அதனால அப்பப்போ ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாத்துவோம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது.”

ஒரு நாள்கூட விடவில்லை. வேறு தொந்தரவுகள் வந்தன. வாந்தி வந்தது, எல்லாருக்கும் வருவதுதான். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பில் சுற்றிக்கொண்டு வந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் அவள் அழுதுவிட்டாள். அன்று சாயங்காலமே அவன் பெரிய கடையொன்றில் ஏறி இறங்கி, முடிக்குச் சத்து என்று படம் போட்டிருந்த ஒரு டப்பாவை வாங்கி வந்தான். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஜெல்லி மிட்டாய்கள். கர்ப்பிணி சாப்பிடலாமா என்று விற்கிற பெண்ணிடம் கேட்காமல் இல்லை. “வெறும் வைட்டமின்தான் சார், சின்னப் பசங்களே சாப்பிடறாங்க” என்றிருந்தாள். முடி நின்றதோ இல்லையோ, அந்தப் புளிப்பு வாந்திக்கு நன்றாக இருந்தது. வண்டியில் மாணவி ஒருத்தி கிளட்சோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். டப்பா காலியானதும் கேட்காமலே அவன் அடுத்தது வாங்கிவிடுவான். மனைவிக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

முதல் ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அதிகம் என்று வந்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படிக் காட்டும் என்று சொல்லி டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்தார். அடுத்த மாதம் மறுபடி எடுத்தார்கள். குறைத்த பிறகும் அதிகமாகவே வந்தது, முன்னைவிட அதிகமாக.

டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். வெளியே வரிசையில் கர்ப்பிணிகள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இல்லை என்பது மேஜையில் மூடி திறக்காமல் இருந்த பாட்டிலைப் பார்த்தாலே தெரிந்தது.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இல்ல டாக்டர். நீங்க குடுத்தது மட்டும்தான்” என்றாள் மனைவி.

எடை பார்க்க நர்ஸ் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனதும், டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி அவனிடம் கேட்டார்.

“தைராய்டு மாத்திரையை யாரு எடுத்துக் குடுக்கறது?”

“அவளேதான் போட்டுக்கறா.”

“குறைச்சும் கூடியிருக்கு. எப்படின்னு எனக்குப் புரியல. சில பேரு சுறுசுறுப்பா இருக்குன்னு கூடுதலா ஒண்ணு போட்டுக்குவாங்க. தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் கவனிச்சுக்கோங்க.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் அவருக்கே மறந்திருக்கும். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? ‘கூடுதலா ஒண்ணு’ என்ற சொல் எக்ஸ்ரேயின் காதில் நுழைந்து அங்கேயே குடியேறிவிட்டது. அன்றைக்கு வீடு திரும்பும்போது செருப்பைக் கழற்றினான், புத்தியைக் கழற்றவில்லை.

முதல் காரியமாக, அவள் குளிக்கப் போன நேரத்தில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான். கணக்கு அச்சு பிசகாமல் சரியாக இருந்தது. வேறொருவனாக இருந்தால் அத்தோடு நிம்மதியாகியிருப்பான். இவனோ, ‘இவ்வளவு சரியா இருக்கே!’ என்று பயந்தான். கேட்பதற்கு முன்பே சீட்டை நீட்டுகிற கூட்டம் அவன் கண் முன்னால் வந்தது. இது காட்டுவதற்கு வைத்திருக்கிற அட்டை, போடுகிற அட்டை வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டினான்.

காரணமும் கிடைத்தது. தேடுகிறவனுக்குக் கிடைக்காத காரணமா? கொஞ்ச நாளாகவே அவள், “வண்டியில உக்காந்தா தூக்கம் தூக்கமா வருதுங்க. வேலையை விடச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கார் என்றால் உயிர். அதை விட்டுவிடக் கூடாது என்று, உள்ளே லைட்டைப் போடுகிற மாத்திரையை இன்னொன்று சேர்த்துப் போட்டுக்கொள்கிறாள். குழந்தையைப் பற்றி யோசிக்காமலா என்று மனசின் ஒரு மூலை கேட்டது. முதல் கரு போனபோது அவள் அவ்வளவாக அழவில்லையே என்று இன்னொரு மூலை பதில் சொன்னது. அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது அந்த மூலைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாளிலிருந்து அட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். காலையில் ஒரு மாத்திரையைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பான்.

“வாயைத் திற பார்க்கலாம்.”

“என்னங்க இது, எல்.கே.ஜி. பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி?” என்று முதல் நாள் சிரித்தாள். நாக்கைக்கூட நீட்டிக் காட்டினாள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. அப்புறம் கேட்காமலே வாயைத் திறந்து காட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விடுவாள். கேட்காமலே காட்டுகிறாளே என்று அதற்கும் சந்தேகப்பட்டான். பிடித்த பிசாசு லேசில் விடுமா?

அவளோ நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போனாள். முகம் உப்பியது, குரல் கட்டியது. எல்லாரும் விசிறிக்குக் கீழே இடம் தேடுகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சால்வையும் சுற்றிக்கொண்டாள். சாயங்காலம் வந்து சோபாவில் சாய்ந்தால் கூப்பிட்டால்கூட எழுந்திருப்பதில்லை. ஹார்மோன் கூடினால் படபடப்பு வரும், தூக்கம் வராது, உடம்பு இளைக்கும் என்று அவன் எங்கோ விசாரித்து வைத்திருந்தான். இவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள் என்றால் என்ன அர்த்தம்? நடிக்கிறாள் என்று அர்த்தம். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற எத்தனை பேரை அவன் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறான்!

ஒரு நாள் பயிற்சிக் கார் சுவரில் உரசிவிட்டது. மாணவி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது பிரேக் தாமதமாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை, முன்பக்க விளக்கு மட்டும் போனது. பள்ளி முதலாளி நல்ல மனிதர். “குழந்தை பொறந்தப்புறம் வாம்மா, உன் சீட்டு உனக்குத்தான்” என்று விடுப்பில் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மிதிக்கணும்னு நினைச்சேங்க. கால் போகல.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுக்க அவனுக்கும் ஆசைதான். ஆனால் கூடுதல் மாத்திரை தந்த படபடப்பில்தான் கால் தடுமாறியிருக்கும் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தான். அன்பு காட்ட அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அந்த வாரத்திலேயே அவன் எதிர்பார்த்தது கண்ணில் பட்டது. பேருந்தில் சீட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, அவர்கள் வழக்கமாக வாங்காத ஒரு மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தாள். எதையோ பைக்குள் சொருகினாள். சொருகிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை போதாதா? அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, மூச்சிரைக்க அந்தக் கடைக்கு ஓடினான்.

“இப்ப சால்வை போட்டுக்கிட்டு ஒருத்தங்க வந்தாங்களே, என்ன வாங்கினாங்க?”

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாரு?”

“அவங்க வீட்டுக்காரர்.”

“அப்ப வீட்டுலயே கேட்டுக்கலாமே சார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கையும் களவுமாகப் பிடித்துப் பழகியவனுக்குக் கேட்பது என்பது தோற்றுப்போன மாதிரி. தவிர, கேட்டு அவள் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. வயிற்றில் இருப்பது அவனுடைய குழந்தை. அதை இழக்க அவனால் இன்னொரு தடவை முடியாது. இது அவன் சந்தேகத்துக்கு நான் கட்டுகிற சப்பைக்கட்டு இல்லை. அவன் பயமும் நிஜம்தான்.

மூன்றாவது ரத்த அறிக்கையும் அதிகம் என்றே வந்ததும் டாக்டரம்மா கையைத் தூக்கிவிட்டார். மாத்திரையை இன்னும் குறைக்கவா, அடியோடு நிறுத்தவா என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஹார்மோன் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

ஹார்மோன் டாக்டரின் அறை சின்னது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் கழுத்தைத் திறந்து காட்டும் ஒரு படம். அவர் அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார். அப்புறம் அவளைப் பார்க்க ஆரம்பித்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிடித்த கையை உடனே விடவில்லை.

“கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?”

“எப்பவும் குளிருது டாக்டர்.”

“இந்த நாற்காலியில கொஞ்சம் முட்டி போட்டு நில்லுங்க. பாதம் வெளியில தொங்கட்டும். பயப்படாதீங்க.”

ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே லேசாகத் தட்டினார். பாதம் விருட்டென்று உதைத்தது. உதைத்த பாதம் திரும்பி வருவதற்கு ஆற அமர நேரம் எடுத்துக்கொண்டது. அவர் இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் அதே சோம்பல்.

“வேடிக்கையா இருக்கே” என்றார் டாக்டர். “ஹார்மோன் அதிகமா இருக்கறவங்களுக்கு நாடி ஓடும், கை சூடா இருக்கும், வேர்த்துக் கொட்டும். உங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. பேப்பர் ஒண்ணு சொல்லுது, கால் வேற ஒண்ணு சொல்லுதும்மா.”

எக்ஸ்ரேக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டாக்டரையும் ஏமாற்றிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது.

“டாக்டர், நான் சொல்லிடறேன். இவ தனியா மாத்திரை வாங்கிப் போடறா.”

நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். “என்னங்க சொல்றீங்க?”

“நான் பார்த்தேன். அந்த மருந்துக்கடையிலருந்து வந்தியே, எதையோ பைக்குள்ள ஒளிச்சு வச்சியே, அது என்ன?”

“ஒருத்தரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி…” என்று டாக்டர் ஆரம்பித்தார். அவன் அதற்குள் நாற்காலியில் தொங்கிய அவளுடைய பையை எடுத்து, ஜிப்பைத் திறந்து, மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டான்.

ஒரு சாவிக்கொத்து விழுந்தது. சீப்பு, அதன் பல்லில் சுற்றிய முடி. உப்பிய முகத்துக்குப் பூசுகிற பவுடர். கைக்குட்டைக்குள் மடித்து வைத்த ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். முதல் ஸ்கேனில் எடுத்துக் கொடுத்தது, மடிப்பில் கிழியாமல் இருக்கப் பின்னால் டேப் ஒட்டியிருந்தாள். அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. மருந்துக்கடை உறையில் இருந்த பொட்டலத்தை அள்ளி எடுத்தான்.

“இதோ பாருங்க டாக்டர்!”

டாக்டர் வாங்கிப் பார்த்தார். படித்தார். அவனிடமே திருப்பி நீட்டினார்.

“மலச்சிக்கலுக்குக் கரைச்சுக் குடிக்கிற பொடி.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் போகுது டாக்டர். நம்ம கடையில எல்லாரும் தெரிஞ்சவங்க, கேட்க வெக்கமா இருந்துச்சு. அதான் வேற கடைக்குப் போனேன்.”

“இதுவும் பேப்பருக்கு எதிராத்தான் இருக்கு” என்றார் டாக்டர். “ஹார்மோன் கூடினா வயிறு இளகணும், இறுகாது.” அவர் கை மேஜையில் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுமையாக ஓரம் சேர்த்தது. ஒரு டப்பாவில் வந்து நின்றது. “இது என்ன?”

“அது மாத்திரை இல்ல டாக்டர், மிட்டாய்” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். படித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுவீங்கம்மா?”

“கணக்கெல்லாம் இல்ல டாக்டர். வாய் குமட்டறப்போ எல்லாம் ஒண்ணு.”

“இதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்கு, முடிக்கு நல்லதுன்னு நிறையப் போடறாங்க. உடம்புக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆனா தைராய்டு டெஸ்ட் எடுக்கற பல மெஷினுக்கு உள்ள இதே பயோட்டினைப் பசை மாதிரி வச்சுத்தான் ஹார்மோனைப் பிடிச்சு அளப்பாங்க. ரத்தத்துலயும் அதுவே நிறைய மிதந்தா மெஷின் ஏமாந்துடும். குறைச்சலா இருக்கறதை அதிகம்னு சொல்லிடும்.”

அவனுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. “அப்ப அந்தக் கூடுதல் மாத்திரை?”

“கூடுதல் எங்கயும் இல்ல சார். குறைச்சல்தான். உங்க மனைவிக்கு மாத்திரை பத்தலை. பேப்பரை நம்பி அதையும் குறைச்சிருக்கோம்.” டாக்டர் மனைவியிடம் திரும்பினார். “வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க டாக்டர். இல்லன்னேன். மிட்டாய் சாப்பிடறியான்னு யாரும் கேட்கலையே.”

“நியாயம்தான். நானும் இனிமே அப்படித்தான் கேட்கணும்.” அவர் டப்பாவை மூடினார். “இதை யாரு வாங்கிக் குடுத்தது?”

எக்ஸ்ரேயின் முகத்தில் ஈயாடவில்லை.

“வீட்டுல இருந்துச்சு டாக்டர்” என்றாள் அவள்.

இவ்வளவுக்கும் பிறகு அவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்டதும்தான் அவனுக்கு உடம்பு கூசியது. “நான்தான் டாக்டர்” என்றான். “நான்தான் வாங்கி வாங்கிக் குடுத்தேன்.” அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டான். “குழந்தைக்கு?”

டாக்டர் பூசி மெழுகவில்லை. “மாத்திரையைக் குறைச்சாங்களே தவிர நிறுத்தல, அது நல்லது. இப்பவாவது கண்டுபிடிச்சோமே, அதுவும் நல்லது. ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. இன்னைக்கே பழைய அளவுக்குப் போயிடுங்க. மிட்டாயை நிறுத்துங்க. சில நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்த்துட்டு மேற்கொண்டு பேசுவோம்.”

மேஜைமேல் கிடந்ததை அவளே ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவன் உதவிக்குக் கை நீட்டினான். “நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

அந்தச் சில நாளும் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. திட்டினால் தேவலை என்று அவன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்த அட்டையை அவன் எடுத்து நீட்டியபோது வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டாள். காலையில் அவளே எழுந்து, அவளே பிய்த்து, அவளே போட்டுக்கொண்டாள். அவனுடைய சந்தேகம், இப்போது ஆள் இல்லாததால், பொருள்களின்மேல் பாய்ந்தது. பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் என்று கையில் கிடைத்ததன் பின்பக்கத்தையெல்லாம் படித்தான். உப்புப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து பார்த்தாள். முன்பென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

பேருந்தில் ஒரு கிழவர் இவன் கேட்பதற்கு முன்பே சீட்டை நீட்டினார். அவன் அதை வாங்கிப் பார்க்காமல் அடுத்த இருக்கைக்கு நகர்ந்தான். பின்னால் நடத்துனர், ‘எக்ஸ்ரேக்கு உடம்பு சரியில்ல போல’ என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

புதிய அறிக்கை வந்தபோது மெஷின் உண்மை பேசியது. ஹார்மோன் இருக்க வேண்டியதைவிட ரொம்பவே குறைவாக இருந்தது. டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்கும் மேலே ஏற்றி எழுதினார். ஸ்கேன் அறையில் அவனையும் உள்ளே விட்டார்கள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வயதுக்குத் தகுந்த வளர்ச்சி இருக்கிறது, இதுவரை கவலைப்பட எதுவும் தெரியவில்லை, மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் இரண்டு பேரும் முறைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதான்.

“அந்த மிட்டாயை வாங்கிக் குடுத்தது நான். உன்னை இந்தப் பாடு படுத்தினது நான். என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

“மிட்டாய்க்கு எதுக்குங்க மன்னிப்பு? முடி கொட்டுதுன்னு நான் அழுததைப் பார்த்து வாங்கிட்டு வந்தீங்க. நானும் ஆசையாத்தான் சாப்பிட்டேன். அது என்ன செய்யும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அவனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவள் கையைப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவன் கையைத் திரும்பப் பிடிக்கவும் இல்லை.

“ஆனா பையைத் தெரிஞ்சுதானே கொட்டினீங்க?” என்றாள். குரல் இன்னும் கட்டித்தான் இருந்தது. “என் வயித்துல இருக்கறதுக்கு நானே கேடு செய்வேன்னு நினைச்சுத்தானே கொட்டினீங்க?”

மருந்தகத்தில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கப் போனான். அவள் அவனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மெதுவாக எழுந்து போய்த் தன் மாத்திரையைத் தானே வாங்கிக்கொண்டாள்.